இறப்புகளுக்கு அடுத்த பெயர்

சிரிக்கத்தான் போகிறீர்கள். நல்ல சிரிப்பு ஒன்று மூன்றாவது மாடியில் தயாராக இருக்கிறது, ஆறாது, ஊசிப்போகாது, யாரும் தூக்கிக்கொண்டும் போக மாட்டார்கள். ஆனால் படி ஏறித்தான் போக வேண்டும். மண்ணடியில் சந்துக்குள் சந்தாக இருக்கிற அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு லிஃப்ட் கிடையாது, மைதானமும் கிடையாது, படிகள் மட்டும் ஏராளம், அதில் ஏறப்போகிற லில்லி புஷ்பம் டீச்சருக்கோ வலது முட்டி சரியில்லை. அவள் வேகத்தில்தான் நீங்களும் ஏற வேண்டும். முந்திக்கொண்டு ஓடினால் ஒன்றும் கிடைக்காது. அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தலைமையாசிரியை சகுந்தலா மேடம் சொல்வாரே, அந்த மாதிரி, ‘ஆணி அடிச்சாப்ல’ நில்லுங்கள். காலை எட்டு நாற்பத்தேழு. வானம் தூறிக்கொண்டிருக்கிறது.

கேட் பாதி திறந்திருந்தது. அதில் கை வைத்தபோது லில்லி புஷ்பத்தின் மனசில் லேட்டாகிவிட்டது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த மாதத்தில் இது மூன்றாவது லேட்டு, மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு போகும், போகட்டும், ஆனால் சகுந்தலா மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ‘ஹிஸ்டரி டீச்சருக்கே டைம் தெரியலைன்னா பிள்ளைங்க எங்க போவாங்க டீச்சர்?’ என்று அந்தத் தேன் குரலில் கேட்பாரே, அதைத்தான் தாங்க முடியாது. எட்டு நாற்பதுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் குறள், அப்புறம் செய்தி, எட்டு நாற்பத்தாறுக்கு ‘வரலாற்றில் இன்று’. அது அவளுடையது. பத்தொன்பது வருஷமாக அவளுடையது. மைதானம் இல்லாததால் காலைக் கூட்டம் ஸ்பீக்கரில்தான். மூன்றாம் மாடியில் பிசிக்ஸ் லேபுக்குப் பக்கத்தில் அலமாரி சைஸில் ஒரு மைக் ரூம், ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், பிள்ளைகள் எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்த்து நிற்க வேண்டும், தலையைத் திருப்பினால் லீடர் பேர் எழுதிவிடுவாள். இந்நேரம் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் ஊமை ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சகுந்தலா மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தபடியே ஒரு காலை உள்ளே வைத்தாள். ஸ்பீக்கர் ஊமையாக இல்லை. ‘வணக்கம்,’ என்றது. ‘இன்று செப்டம்பர் இருபத்திரண்டு, திங்கட்கிழமை. வரலாற்றில் இன்று.’ அவள் குரல். அவள் குரல் மாதிரி இல்லை, அவள் குரலேதான். வாக்கியம் முடிந்ததும் மூக்கு வழியாக விடுகிற அந்தச் சின்ன மூச்சு, வருஷத்தைச் சொல்வதற்கு முன்னால் தொண்டைக்குள் ஒரு ‘ம்’, எல்லாம் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் அவள் உதடு தானாகப் பிரிந்து அடுத்த வார்த்தைக்குத் தயாரானது, பிரிந்த உதட்டில் மழைத்துளி ஒன்று விழுந்தது, அடுத்த வார்த்தை மேலேயிருந்து வந்தது.

வாட்ச்மேன் ஏகாம்பரம் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மூடிய கண்ணைச் செய்தி, வரலாறு எல்லாம் முடிந்துதான் திறப்பார், அது அவர் வழக்கம். ஏகாம்பரம், என்று கூப்பிட்டாள். கூப்பிட்டதாக நினைத்தாள். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது, காய்ந்த காற்று, ஊதுபத்தியை அணைக்கிற மாதிரி ஒரு ஃபூ. குரல் அங்கே மேலே பேசிக்கொண்டிருந்தால் இங்கே எப்படி இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது, வந்த உடனே அதைத் தள்ளிவிட்டாள், சீ, பைத்தியம், ரெக்கார்டிங்காக இருக்கும். போன வருஷத்து ரெக்கார்டிங். ஆனால் போன வருஷம் செப்டம்பர் இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் ஏது, ஸ்பீக்கர் ஏது. குரல் திங்கட்கிழமை என்றுதானே சொன்னது. யாரும் அவளைப் பதிவு செய்ததும் இல்லை, அவள் படித்தது எல்லாம் படித்த அன்றைக்கே காற்றோடு போனதுதான், ஆண்டு விழாவில் ஒரே ஒரு தடவை யாரோ போனில் பிடித்துப் போட்டுக் காட்டினார்கள், ஐயோ இதுவா என் குரல், பீங்கான் தட்டைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி இருக்கே என்று அன்றைக்குச் சிரித்தாள். அந்தப் பீங்கான்தான் இப்போது சுரண்டுகிறது. அப்படியென்றால் மேலே உட்கார்ந்து படிப்பது யார். நான்தான். நான் என்றால் இங்கே நனைந்துகொண்டு நிற்பது யார். ஏகாம்பரத்தின் இமை அசையவே இல்லை. அவர் மீசையில் தூறல் முத்து முத்தாக நின்றது. அவளுக்குத் தன் மேல் மழை விழுகிறதா என்று சந்தேகம் வந்தது.

கல்மண்டபத்தில் அந்த லாரி. அதை நினைக்கக் கூடாது என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்தாள், வரும் வழியெல்லாம் என்றால் எந்த வழி, அதுதான் இப்போது இடிக்கிறது. தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறியது நினைவிருக்கிறது, பக்கத்தில் காலிக் கூடையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மீன்காரம்மா, கூடையிலிருந்து நேற்றைய கடல் வாசனை, டிரைவர் பையன் இல்லை, நரைத்த தாடிக்காரர், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் பீடியைச் சட்டைப் பைக்குள் தேடினார். கல்மண்டபம் திருப்பத்தில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி, நீலம், ஒரு வீடே சக்கரம் வைத்து வருகிற மாதிரி, அது திரும்பியபோது அதன் வால் திரும்பவில்லை, ஆட்டோவின் பக்கமாக வந்துகொண்டே இருந்தது, நீலம் பெரிதாகிக்கொண்டே இருந்தது, ஒரு ஹாரன், அப்புறம் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மீன்காரம்மாவின் கை அவள் புஜத்தைப் பிடித்தது, அப்புறம் வெள்ளை. வெள்ளை என்றால் சத்தமில்லாத வெள்ளை. அப்புறம் டிரைவர் திரும்பிப் பார்த்து, ‘போய்ட்டீங்கன்னே நெனச்சேன் மேடம்,’ என்றார். மீன்காரம்மா, ‘ஐய, வாய வச்சிக்கினு சும்மா இரு நைனா, டீச்சரம்மா மூஞ்சப் பாரு, வெளுத்துப் போச்சி,’ என்றாள். அது வரைக்கும் இருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடத்துக் கேட். நடுவில் ஒன்றுமே இல்லை. பீச் ஸ்டேஷன் இல்லை, பாரிமுனை இல்லை, எங்கே இறங்கினாள், தம்புச் செட்டித் தெரு வழியாக வந்தாளா, லிங்கிச் செட்டித் தெரு வழியாகவா, குடையை எங்கே விட்டாள், ஒன்றும் இல்லை. தேதி கிழிக்கிற காலண்டரில் அவசரத்தில் இரண்டு தாள் சேர்ந்து கிழிந்துவிட்டால் நடுவில் ஒரு நாள் காணாமல் போகுமே, அந்த மாதிரி. கிழிந்த தாளில் என்ன போட்டிருந்தது. மகர ராசிக்கு என்ன போட்டிருந்தது. போய்ட்டீங்கன்னே நெனச்சேன். நினைத்தார் என்றால் சரி. நினைத்தது சரியாக இருந்திருந்தால்?

‘ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு,’ என்றது குரல். ‘பிரான்ஸ் நாட்டில் மன்னராட்சி போய், குடியரசின் முதல் நாள்.’ கால் தன்னால் உள்ளே நடந்தது. ஆம், இது அவள் எழுதியது, வெள்ளிக்கிழமை சாயங்காலமே திங்கட்கிழமைக்கானதைக் கோடு போட்ட நோட்டில் எழுதி மைக் ரூம் மேஜை டிராயரில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள், முதலில் நிகழ்வுகள், அப்புறம் பிறப்புகள், அப்புறம் இறப்புகள். அந்த ஊரில் பிற்பாடு பழைய காலண்டரையே தூக்கிப் போட்டுவிட்டார்கள், அந்த நாளை முதலாக வைத்து ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ண ஆரம்பித்தார்கள், எட்டாம் வகுப்புக்கு அதைச் சொல்லும்போது ஒருத்தி எழுந்து, ‘அப்ப அவங்களுக்கு பர்த்டே எப்ப வரும் மிஸ்?’ என்று கேட்டாள். தரைத்தளத்து வராந்தா ஈரமாக இருந்தது. இடது பக்கம் ஜன்னல் ஜன்னலாக வகுப்புகள், ஜன்னலுக்குள் வரிசை வரிசையாகப் பிடரிகள், எண்ணெய் தடவிய வகிடுகள், மடித்துக் கட்டிய இரட்டைச் சடைகள், சிவப்பு ரிப்பன்கள், ஒரு முகம்கூட இல்லை. முகம் இல்லாத பிள்ளைகள். கூப்பிடலாம். ஆறாம் வகுப்பு ஏ, கடைசி பெஞ்சில் நிற்கிறவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள், ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ரிப்பனை இழுக்கலாம். இழுத்து, அவள் திரும்பி, பார்த்து, ஒன்றும் இல்லை என்று மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டால்? அந்த முகத்தைப் பார்ப்பதைவிடப் பிடரியே மேல். கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். படிக்கட்டு முனையில் பவுனு ஆயா முட்டி போட்டுக் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு மட்டும் ஆணி அடிக்கிற சட்டம் கிடையாது, சகுந்தலா மேடமே வந்தாலும் துடைத்துக்கொண்டேதான் பேசுவாள். பவுனு தலையைத் தூக்கவில்லை. ‘ஏய், இன்னாடி நீ, இப்பத்தான தொடச்சி வுட்டேன், மேலயே மிரிச்சினு போற? மேல லில்லி மிஸ்ஸு பேசினுக்கீறாங்க, காதுல வுழல? அப்டியே ஓரமா நில்லு. எந்த கிளாசு நீ?’ லில்லி மிஸ் மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பவுனுவே சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருஷமாகக் காலையில் டீ வாங்கிக் கொடுக்கிற பவுனு. நான்தான் பவுனு, என்று வாயை அசைத்தாள், ஃபூ. பவுனு துணியைப் பிழிந்தாள். ‘போ, போ, ஓடு, அவுங்க பாத்தா தோலை உரிச்சிருவாங்க,’ என்றாள், கருணையாக, யாரோ ஒரு பிள்ளையிடம்.

படி ஏறினாள். முட்டி வலித்தது. வலிக்கிறது என்றால் சரிதானே, செத்தவர்களுக்கு முட்டி வலிக்குமா என்று ஒரு நிம்மதி, அரைப் படி நீளத்துக்கு, அதற்குள் செத்துப்போனதே தெரியாமல் வீட்டுக்கு வந்து காப்பி கேட்டவரைப் பற்றி யாரோ சொன்ன கதை ஞாபகம் வந்தது, அவருக்கும் பசித்ததாமே. செத்தவர்களுக்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். குனிந்து பார்த்தாள். செருப்பில் ஒன்றின் வார் அறுந்திருந்தது, எப்போது அறுந்தது, இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள், ஈரப் படியில் அது சத்தமே போடவில்லை. ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்க்கலாமா. சத்தம் வராவிட்டால். எதைச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தாலும் அதன் வாலில் ஒரு ‘விட்டால்’ ஒட்டிக்கொண்டு வந்தது, லாரியின் வால் மாதிரி, திரும்பாமல். காலையில் ஜெயசீலன் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, ‘லில்லி, இன்னிக்கு யாரு யாரு அவுட்டு?’ என்று கேட்டார், தினமும் கேட்பார், கல்யாணமான புதிதில் அது சிரிப்பாக இருந்தது. ‘காலங்காத்தால வாயைக் கழுவுங்க,’ என்றாள். ‘நம்ம பேரெல்லாம் அந்த லிஸ்டுல வராதுடி, பயப்படாதே. அதுல வரணும்னா ஒண்ணு நாட்டைப் பிடிச்சிருக்கணும், இல்லேன்னா நாட்டைக் கெடுத்திருக்கணும். நீயும் நானும் ரேஷன் கார்டுல வந்தாப் போதாதா?’ வருமே, என்று இப்போது அவருக்குப் பதில் சொன்னாள், முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. தினமும் வருகிறதே. இறப்புகளைப் படித்து முடித்ததும், மூச்சுகூட விடாமல், ‘தொகுத்து வாசித்தது, லில்லி புஷ்பம்.’ கடைசியாகச் செத்தவரின் பெயர், அதற்கு அடுத்த பெயர் அவள் பெயர். பத்தொன்பது வருஷமாக, பள்ளிக்கூடம் இருந்த ஒவ்வொரு நாளும், செத்தவர்கள் வரிசையின் கடைசியில் போய்த் தானாக நின்றிருக்கிறாள். ஒரு நாள்கூட இது உறைத்ததில்லை. இன்றைக்கு அந்தக் குரல் அந்த இடத்துக்கு வரும், இறப்புகள் வரும், அப்புறம் அந்தப் பெயர் வரும், வந்துவிட்டால் முடிந்தது, அப்புறம் அது வெறும் கையெழுத்து இல்லை, பதிவு. அதற்குள் மேலே போய்விட வேண்டும். குரல் அந்தப் பெயரைச் சொல்வதற்குள் போய் அதன் வாயைப் பொத்த வேண்டும். தன் வாயைத் தானே போய்ப் பொத்துவது எப்படி என்று தெரியவில்லை, போனால் தெரியும்.

‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு,’ என்றது குரல், இந்த வருஷத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வாள், அதே மாதிரி மெதுவாகச் சொன்னது. ‘இரவு ஒன்பதரை மணி. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், இருட்டில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.’ இங்கேதான். இந்தச் சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கடல். கப்பலை ஊரில் அநேகம் பேர் கண்ணாலேயே பார்க்கவில்லை, ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் அது விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டோடு போய்விட்டது, ஊர்தான் அடுத்த நாளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி ஓடிக்கொண்டே இருந்தது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்றைக் கண்டு ஓடுகிற ஊர். ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் பிள்ளைகளுக்குச் சொல்வாள், கப்பல் போய்விட்டது, பேர் போகவில்லை, இன்றைக்கும் நம் ஊரில் யாராவது கமுக்கமாக இருந்து கழுத்தறுத்தால் ‘அவ சரியான எம்டன்’ என்கிறோம் பாருங்கள் என்று. அவளே எத்தனை பேருக்கு அந்தப் பட்டம் கொடுத்திருக்கிறாள், டஸ்டருக்குள் மிளகாய்ப்பொடி வைத்த எம்டன், அட்டென்டன்ஸில் இல்லாத ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் ‘உள்ளேன் அம்மா’ சொன்ன எம்டன், போன மாதம் ப்ளஸ் ஒன் பி-யில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சகுந்தலா மேடம் குரலில் ‘பிள்ளைங்களா, மழை வருது, வீட்டுக்குப் போங்க’ என்று சொல்லிப் பக்கத்து வகுப்பையே பையைத் தூக்க வைத்த ஜுலைகா என்கிற எம்டன். சிரித்ததை அடக்க அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் போய்த் தண்ணீர் குடித்தாள். அந்த இடத்தில் அவள் மனசு ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பயந்த மனசு ஓடுகிற வண்டி, இறங்க வேண்டிய ஸ்டாப்பில் நிற்காது. அது வெளிச்சத்தையும் சத்தத்தையும் பிடித்துக்கொண்டு ஓடியது, ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை, கல்மண்டபத்தில் வெள்ளையாக வந்ததே அது அந்த வெளிச்சம்தான், அந்த ஹாரன்தான் சத்தம், கப்பல் போய்விட்டது, பேர் மட்டும் போகவில்லை, பேர் மேலே ஸ்பீக்கரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது.

முதல் மாடி. இங்கேயும் பிடரிகள். ஸ்பீக்கர் வகுப்புக்கு வகுப்பு கொஞ்சம் முன்னே பின்னே பேசுகிற மாதிரி இருந்தது, ஒரு லில்லி புஷ்பம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த லில்லி புஷ்பம் தொடங்கினாள், ‘பிறப்புகள், பிறப்புகள், றப்புகள்.’ காதைத் தீட்டிக் கேட்டாள். பிறப்புகள்தான். இன்னும் நேரம் இருக்கிறது. ‘மின்சாரத்தின் தந்தை எனப்படும் மைக்கேல் ஃபாரடே பிறந்தார்.’ பிறந்தவர்களெல்லாம் இன்றைக்குப் பிறந்திருக்கிறார்கள், எவ்வளவு சௌகரியமாக. ‘வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று உலகம் புகழ்ந்த பேச்சாளர், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பிறந்தார்.’ வெள்ளி நாக்கு. நாக்கைத் துழாவிப் பார்த்தாள், உப்பாக, தடித்து, யாருடையதோ மாதிரி கிடந்தது. இரண்டாம் மாடிக்குப் போகும் திருப்பத்தில் பிள்ளைகள் ரிப்பன் சரிபண்ண ஒரு நிலைக்கண்ணாடி உண்டு, பழைய மாணவிகள் வாங்கிக் கொடுத்தது, தூரத்திலிருந்தே அதன் மரச்சட்டம் தெரிந்தது. பார்த்துவிடு, ஒரே பார்வை, தீர்ந்தது, என்றது மனசு. பார்க்காதே, என்றது அதே மனசு. சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைப்பிடியை விட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நாலு படி ஏறினாள். ஓரக்கண்ணில் கண்ணாடிக்குள் ஏதோ நகர்ந்தது, அல்லது நகரவில்லை. ராயபுரம் சுவர்களில் ஒட்டியிருக்குமே, கண்ணீர் அஞ்சலி, நடுவில் படம், இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு, இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு மாலை. அவளுக்கு எந்தப் படத்தைப் போடுவார் ஜெயசீலன். நல்ல படம் ஒன்றுகூட இல்லை, தேர்தல் டியூட்டிக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸைத்தான் பெரிதாக்குவார், அதில் ஒரு கண் சின்னதாக இருக்கும். போஸ்டர் அடிக்கிறவரிடம் போய் நிற்பார், மறைவு தேதி என்ன சார் என்று கேட்பார்கள், இன்னிக்குத்தான் என்பார். இன்னிக்கு யாரு அவுட்டு. அந்தக் கேள்வியை இனிமேல் காலையில் யாரிடம் கேட்பார், பாதி நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொள்வார். அவருக்கு யாரும் இன்னும் போன் பண்ணியிருக்க மாட்டார்கள். துறைமுக வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பார், சிரித்துக்கொண்டுகூட இருப்பார், அந்தச் சிரிப்பை யாராவது இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைக்க வேண்டும். அழுகை வந்தது. கண்ணீர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தாள், மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

‘இறப்புகள்,’ என்றது குரல்.

இரண்டாம் மாடியின் கடைசிப் படியில் ஒரு காலும் வராந்தாவில் ஒரு காலுமாக நின்றுவிட்டாள். எழுதியது அவளே, எத்தனை பேர் என்று தெரியும், மூன்று பேர்தான், வெள்ளிக்கிழமை மூன்று பேரோடு நிறுத்தினாள், நான்காவதாக இருந்தவரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று தெரியாமல் அடித்துவிட்டாள். அடித்த இடம் காலியாக இருக்கிறது. மூன்று பேர், மூன்றாவது ஆளுக்குப் பிறகு அவள். ஓடு. முட்டி ஓட மறுத்தது, செருப்பை உதறினாள், ஒன்று படியில் உருண்டு கீழே போனது, அது உருண்ட சத்தம் கேட்டதா என்றுகூட நின்று கவனிக்கவில்லை. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்த அமெரிக்க இசையமைப்பாளர் இர்விங் பெர்லின் மறந்தார்.’ மறந்தார். காது மடல் குளிர்ந்தது. மறந்தார் என்றா எழுதினேன். எதை மறந்தார். நூறு வருஷமாகச் சேர்த்ததை ஒரே நாளில் மறந்தார். அப்படியா அது. பத்தொன்பது வருஷமாக என்னென்னவோ வார்த்தை போட்டுப் பார்த்தாளே, காலமானார், இயற்கை எய்தினார், உயிர் நீத்தார், அதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்கிற வார்த்தை. உள்ளேயிருந்து சொல்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் போல. மறந்தார். பீச் ஸ்டேஷனை மறந்தார், பாரிமுனையை மறந்தார், குடையை எங்கே விட்டோம் என்பதை மறந்தார். கிழிந்துபோன அந்தத் தாள். செத்தது அவளுக்குத் தெரியாமல் போகவில்லை, செத்ததை மறந்துவிட்டாள், அவ்வளவுதான் விஷயம், அதைத்தான் மேலே இருக்கிற அவள் கீழே இருக்கிற அவளுக்கு, ஊருக்கே கேட்கிற மாதிரி, எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் எதையெல்லாம் மறப்பாள். முதலில் வழி போனது, அப்புறம் குரல் போனது, இனி வீட்டுக் கதவு நம்பர் போகும், ஜெயசீலனின் நுரை பூசிய பாதி முகம் போகும், மீதிப் பாதியும் போகும், கடைசியில் பெயர், பெயரை மேலே ஒருத்தி வைத்திருக்கிறாள். கதவு நம்பர் பதினேழு பை நாலு. பதினேழு பை நாலு, பதினேழு பை நாலு, என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள், விட்டால் போய்விடும் என்று.

மூன்றாம் மாடி. பிசிக்ஸ் லேபின் ஆசிட் நாற்றம். வராந்தாவின் கோடியில் மைக் ரூம், பச்சைக் கதவு, மூடியிருந்தது, கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். ‘இரண்டாயிரத்து ஏழு. வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாமல் உலகத்தையே சிரிக்க வைத்த பிரெஞ்சு ஊமைக்கூத்துக் கலைஞர் மார்செல் மார்சோ மறந்தார்.’ இப்போது குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது, ஸ்பீக்கரிலிருந்தும் கதவுக்குப் பின்னாலிருந்தும், ஸ்பீக்கரில் பெரிதாக, கதவுக்குப் பின்னால் சின்னதாக, உயிரோடு. ஆள் இருக்கிறாள். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாள், நாற்காலி கிறீச்சிடுகிறது, பக்கம் புரளுகிறது, ‘ம்’ என்று தொண்டையைச் சரிசெய்கிறாள். கதவைத் திறந்தால் அவள் திரும்புவாள், திரும்பினால் ஒரு கண் சின்னதாக இருக்கும். யாரும்மா நீ, என்று கேட்பாள், வெளியில நில்லு, பேசிட்டிருக்கேன்ல. கேட்டால் என்ன பதில் சொல்வது. வெறுங்காலில் தரை சில்லென்று ஏறியது. ‘இரண்டாயிரத்துப் பதினொன்று,’ என்றது குரல். மூன்றாவது ஆள். கை கதவில் பட்டது, மரம் ஈரத்தில் உப்பியிருந்தது, தள்ள வேண்டும், தள்ளு, தள்ளினால் இருக்கிறேன், தள்ளாவிட்டால் இல்லை, கை தள்ளவில்லை. ‘இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன், மன்சூர் அலி கான் பட்டோடி மறந்தார்.’ மறந்தார், மறந்தார், மறந்தார், மூன்று பேரும் மறந்தாயிற்று, மூன்று பேருக்கும் ஒரே வார்த்தையைப் போடுகிறவளா நான், இரண்டாவது ஆளுக்காவது மாற்றிப் போட்டிருக்க மாட்டேனா, இல்லை, வெள்ளிக்கிழமை அவசரத்தில் மூன்றுக்கும் ஒன்றேதான் போட்டேன், ம, ற, இல்லையே, ம, அப்புறம், ற-வுக்கு முன்னால்... பயம் அங்கேயேதான் இருந்தது, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இறங்காமல். ஆனால் அதற்கும் அடியில், இருபத்தெட்டு வருஷமாகச் சிவப்புப் பேனா பிடித்த ஏதோ ஒன்று, உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காத ஒன்று, சடாரென்று எழுந்து நின்றது.

‘தொகுத்து வாசித்தது,’ என்றது குரல், ‘லி...’

‘மறைந்தார்!’ என்று கத்தினாள் லில்லி புஷ்பம்.

தொண்டை திறந்துகொண்டது. பீங்கான் தட்டு வராந்தாவெங்கும் சிதறியது. ‘மறந்தார் இல்லைடீ, மறைந்தார்! ற-வுக்கு முன்னாடி சங்கிலிக்கொம்பு போட்டிருக்கேன்ல, கண்ணு தெரியலை? மூணு எடத்துலயும் மறந்தார் மறந்தார்னு படிக்கிறியே, என்னத்தைடீ மறந்தாங்க அவங்க?’

குரல் நின்றது. நான்கு தளத்திலும் ஒரே நேரத்தில் நின்றது. மழை கைப்பிடிச் சுவரில் விழுகிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. பிறகு, ஆறாம் வகுப்பு ஏ-யிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கும், சகுந்தலா மேடத்தின் அறை உட்பட, அத்தனை ஸ்பீக்கரிலும், மூக்கு வழியாக விடுகிற அந்தச் சின்ன மூச்சோடு, அச்சு அசலாக லில்லி புஷ்பத்தின் குரல் சொன்னது:

‘ஸாரி மிஸ்.’

செத்தவளைப் பார்த்து யாரும் ஸாரி மிஸ் சொல்வதில்லை.

‘உங்க கொம்பு கொசு கணக்கா இருக்குது மிஸ்,’ என்றது குரல், அவள் குரலிலேயே, பாதியில் உடைந்து பதினாறு வயசாகிக்கொண்டே. ‘நானும் எவ்ளோ நேரம்தான் உங்கள மாதிரியே இழுத்து இழுத்துப் படிக்கிறது? நீங்க இன்னும் வரலைன்னு ஹெச்.எம்.முக்குத் தெரிஞ்சா இன்னொரு லேட்டுப் போட்டுடுவாங்களேன்னுதான் மிஸ்...’

கீழே முதல் மாடியில் எவளோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது, அதைக் கேட்டு இன்னொருத்தி, அப்புறம் ஒரு வகுப்பு, அப்புறம் ஆணி எல்லாம் கழன்று கட்டடம் மொத்தமும்.

லில்லி புஷ்பம் கதவைத் தள்ளினாள்.

‘ஜுலைகா,’ என்றாள், ‘முதல்ல அந்த மைக்கை அணைடீ.’